பின்பக்கம் கொத்திய கல்

“கட்டையில போறவனே! அந்தக் கல்லு என் தலையில விழுந்திருந்தா என்னா ஆவறது?”

டெம்போக்காரனைப் பார்த்துக் கங்கையம்மாள் போட்ட கூச்சலில் சின்ன காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவே கூடிவிட்டது.

ரிவர்ஸில் வந்த டெம்போ, குடிநீர்த் தொட்டிச் சுவரில் லேசாகத்தான் இடித்தது. சுவர் முழுக்க ஒட்டியிருந்த கிரானைட் கற்களில் மூலையில் ஒன்று விட்டுக்கொண்டதுதான் தாமதம், கண் மூடித் திறப்பதற்குள் அத்தனையும் மடமடவென்று கீழே வந்துவிட்டன. அடியில், அவள் தினமும் உட்கார்ந்து பூ விற்கும் இடத்தில், அவளுடைய பூக்கூடை நசுங்கிக் கிடந்தது. டீ குடிக்க எழுந்து போயிருந்ததால் ஆள் பிழைத்தாள்.

சுவரில் நின்றது நடுவிலிருந்த ஒரே ஒரு கல். ‘உபயம்: பட்டு மாளிகை தனசேகரன்’ என்று தங்க எழுத்தில் மின்னியது.

தனசேகரனே காரில் வந்து இறங்கினார். கூடவே அந்தக் கற்களை ஒட்டிய கொத்தனார் வீரபத்திரன்.

“பாத்தீங்களா இவன் லட்சணத்த? தொட்டி தொறந்து ஒரு மாசம் ஆவல!”

“மொதலாளி, வழவழன்னு இருக்கிற கல்லு சும்மா இருக்கிற வரைக்கும்தான் ஒட்டிக்கினு இருக்கும். ஒரு இடி வாங்கினா உட்டுடும். பின்பக்கம் கொத்தி சொரசொரப்பாக்கினாத்தான் தாங்கும். அன்னிக்கே நான்...”

“ஓ, தெரிஞ்சேதான் கொத்தாம ஒட்டினியா?”

கங்கையம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் என் கண்ணால பாத்தேன் மொதலாளி! ஒரே ஒரு கல்ல வச்சிக்கினு அரை நாளு டொக்கு டொக்குனு கொத்தினான். மத்ததெல்லாம் ஒரு மணி நேரத்துல அப்பிட்டுப் பூட்டான். வேலையா அது? ஏமாத்து!”

“நல்லா கேளுங்க!” என்றார் தனசேகரன் ஊரைப் பார்த்து.

வீரபத்திரன் தலையைக் குனிந்துகொண்டான். குட்டு உடைந்தவன் வேறென்ன பேசுவான் என்று நினைத்தாள் கங்கையம்மாள்.

அதற்குள் இளவட்டங்கள் செல்போனை நீட்டின. உதிர்ந்த சுவரும் நடுவில் ஒற்றைப் பெயருமாகப் படம் எடுத்துச் சிரித்தன. தனசேகரனின் முகம் சுண்டிப்போனது.

“யோவ், அந்தப் பேர்க் கல்ல மொதல்ல கழட்டு!”

வீரபத்திரன் உளியை வைத்து அடித்தான். பத்து அடி விழுந்தும் கல் அசையவில்லை.

“ஒட்டத்தான் தெரியல, கழட்டவும் துப்பில்லையா?” என்றாள் கங்கையம்மாள்.

அடுத்த அடியில் தங்க எழுத்து ஒன்று தெறித்தது. தனசேகரன் பதறிப்போய் ஓடி அவன் கையைப் பிடித்தார்.

“நிறுத்துயா, ஒடைச்சிடப் போற! இது என்ன லேசுல வர்ற கல்லா? ‘மத்தது கிடக்கட்டும், என் பேர மட்டும் நல்லா கொத்தி ஒட்டு’ன்னு சொல்லி, நானே பின்பக்கத்த தடவிப் பாத்தப்புறம்தானே ஒட்ட உட்டேன்!”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

கங்கையம்மாள் நசுங்கிய கூடையைக் கையில் எடுத்தாள்.

“அப்போ, கிடக்கட்டும்னு நீங்க உட்டது என் தலைக்கு மேல இருந்த கல்லையா மொதலாளி?”