தண்ணீர் காணாத தொட்டி

கண்ணாடிக் கூடத்தில் மதிய வெயில் வெள்ளையாக இறங்குகிறது. இரண்டு மேசைகள், இரண்டிலும் சோயாச் செடிகள், இரண்டிலும் ஒரே நாளில் விட்ட புழுக்கள். அண்ணியின் செடிகள் தினமும் தண்ணீர் குடித்தும் சல்லடையாகிக் கிடக்கின்றன. சோதனைக்காக ஒன்பது நாளாகத் தண்ணீர் காட்டாத நாத்தனாரின் செடிகளோ, இலைகளைத் திருப்பி வெளிறிய அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டி நிற்கின்றன. புழுக்கள் அவற்றை ஒரு கடி கடித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பேராசிரியர் அந்த மேசையை விட்டு அசையவில்லை. "அடடா, இந்தப் பொண்ணு சாதிச்சுட்டா!" என்கிறார். இருவரில் நிரந்தர வேலை ஒருத்திக்குத்தான். நாத்தனாரை இங்கே கூட்டிவந்து சேர்த்ததே அண்ணிதான். "அண்ணி, கேமரா எடுத்துட்டு வந்துடறோம், பாத்துக்கோங்க," என்று நாத்தனார் வெளியே போகும் பேராசிரியர் பின்னால் ஓடுகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. அண்ணியின் கை குவளையை எடுத்து, நாத்தனாரின் முதல் தொட்டியில் சாய்க்கிறது. காய்ந்த மண் சொர்ரென்று உறிஞ்சுகிறது. இனி இந்தத் தொட்டி சோதனையில் சேராது. அடுத்த தொட்டிக்குக் கை நீளும்போது கதவு திறந்து நாத்தனாரும் பேராசிரியரும் உள்ளே வருகிறார்கள். நாத்தனார் ஈர மண்ணைப் பார்க்கிறாள், குவளையைப் பார்க்கிறாள்.

"அய்யோ அண்ணி, மனசு கேக்கலையா? எனக்கும் தினம் அப்படித்தான் கை பரபரக்குது!" என்று சிரித்தபடி நாத்தனார் அவள் தோளை அணைத்துக்கொள்கிறாள். "சார், எங்க அண்ணி எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்க. செடி வாடினா தாங்குவாங்களா? ஒரு தொட்டி போனா போகுது."

"ஆமா, பாவமா இருந்துச்சு," என்கிறாள் அண்ணி. பேராசிரியர் இன்று முதன்முறையாக அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்.