பாலசுப்பிரமணி பட்டப்படிப்பில் சேர்ந்தார்

உடைத்த வேகத்தில் தேங்காய்த் தண்ணீர் கம்ப்யூட்டர் மேலேயே தெறித்தது.

ருக்மணி ஓடிவந்து துண்டால் துடைத்தாள். ஃபிஜித் தலைநகர் சுவாவின் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்து பஸ் பிடித்து வந்தவள் ஏழு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதோடு சரி, இன்னும் நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"ராகு காலம் முடிஞ்சிருச்சு. ம், தொறக்கலாம்" என்றார் அவள் கணவர் பாலசுப்பிரமணி, அணைக்கட்டைத் திறந்துவைக்கிற மந்திரி மாதிரி.

திறந்தது ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் இணையதளம்.

பத்தொன்பது வருஷம் ஊசி போட்ட கைக்கு டிப்ளமோ போதாதாம். அங்கே போய் வேலை பார்க்க இளங்கலைப் பட்டம் வேண்டுமாம். வீட்டில் இருந்தபடியே இணையத்தில் படித்துக்கொள்ளலாம்.

பட்டம் வந்தால் ருக்மணிக்கு விசா. அவளுக்கு விசா வந்தால், 'சார்ந்திருப்பவர்' என்ற கட்டத்தில் பாலசுப்பிரமணிக்கும் விசா. வேறு எந்த வழியிலும் அந்த மனிதரை எந்த நாடும் கேட்கவில்லை.

அவர் முயற்சிக்குக் குறை வைக்கவில்லை. ஃபிஜியில் ஒவ்வொரு முறை ஆட்சி கவிழ்ந்தபோதும் "இனி ஒரு நிமிஷம் இந்த மண்ணில் நிற்கமாட்டேன்" என்று முழங்கிவிட்டு நேராகப் போய் ஒரு சூட்கேஸ் வாங்கினார். எண்பத்தேழில் இரண்டு முறை கவிழ்ந்ததால் இரண்டு. இரண்டாயிரத்தில் ஒன்று. போன டிசம்பரில் சக்கரம் வைத்தது ஒன்று. நான்கும் அலமாரி மேல் பூசணம் பூத்துக் கிடந்தன. அவர்கள் ஊரான வுனிமோனோவின் எல்லையை இதுவரை ஒன்றுகூடத் தாண்டியதில்லை.

இந்தத் தடவை தாண்டியே தீரும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். "நாங்க டிகிரி படிக்கிறோம்" என்றார் கோயிலில். பால் சொசைட்டிக்குப் போனபோது அது "நான் படிக்கிறேன்" ஆகிவிட்டது.

திரையில் முதல் வேலை வந்து நின்றது. சக மாணவர்களுக்கு உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஐந்து வரி போதும்.

'உங்களை' என்றுதான் போட்டிருந்தது. பாலசுப்பிரமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எழுது. என் கணவர் கோயில் கமிட்டிச் செயலாளர். பள்ளிக்கூட மானேஜர். இந்த வட்டாரத்தின் தூண். அந்தத் தூணில் படர்ந்த கொடிதான் நான்."

பக்கத்து வீட்டு அப்பலசாமி பாயில் உட்கார்ந்து குடித்தால் கிறங்கவைக்கும் நங்கோனா வேரைத் தண்ணீரில் பிசைந்துகொண்டிருந்தார். காலை ஒன்பது மணிக்கே மயங்கிக் கிடக்க ஒரு விசேஷம் கிடைத்ததில் அவருக்குப் பரம சந்தோஷம்.

"அப்பப்பா, என்னா தமிழு! இங்கிலீஸு இதத் தாங்குமாண்ணே?"

"அது அவ பாடு."

ருக்மணியின் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன.

பாலசுப்பிரமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் நடை போட்டார். திரைப்பக்கம் திரும்பவில்லை. தட்டச்சடிப்பது குமாஸ்தா வேலையாம். உண்மை என்னவென்றால், கண்ணாடி போடாமல் அவருக்கு ஓர் எழுத்து தெரியாது. போட்டால் அப்பலசாமிக்கு அவர் வயது தெரிந்துவிடும்.

ஏழாவது வாக்கியத்தில் அவருடைய தாத்தா சென்னையில் கப்பல் ஏறினார். அவர் ஃபிஜியில் வந்து இறங்குவதற்குள் ருக்மணி ஐந்து வரியையும் முடித்து அனுப்பிவிட்டாள்.

நங்கோனா ஊற்றிய கொட்டாங்குச்சி இரண்டு சுற்று போய் வந்தது. மூன்றாவது சுற்றில் பதில்கள் விழ ஆரம்பித்தன. மூன்று. ஒன்பது. பதினான்கு.

படங்களும் வந்தன. வுனிமோனோ இணைப்புக்கு எதையும் ஒரே மூச்சில் காட்டும் பழக்கம் இல்லை. முதலில் ஒரு சுடர் இறங்கியது, பிறகு திரி, பிறகு மெழுகுவத்தி. அதற்குக் கீழே வெள்ளைப் பூக்கள்.

பாலசுப்பிரமணி கண்ணை இடுக்கினார்.

"வெளக்கு! அப்பலசாமி, பாத்தியா, வெளக்கு ஏத்துறாங்க!"

"பூவும் போட்டுட்டாங்களே அண்ணே!"

"என்ன புள்ள எழுதியிருக்காங்க?"

"எல்லாம் உங்களப் பத்திதாங்க" என்றாள் ருக்மணி.

அதற்குமேல் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார், தலையைச் சீவினார், சாட்சிக்கு அப்பலசாமியைத் தூக்கி நிறுத்தினார். ஆஸ்திரேலியா தனக்கு விளக்கேற்றிய சேதி மத்தியானத்துக்குள் கோயில் கமிட்டிக்குத் தெரிந்தாக வேண்டும்.

இருவரும் தெருவில் இறங்கி, பேச்சுச் சத்தம் தேயும்வரை ருக்மணி காத்திருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் படித்தாள்.

'ஆழ்ந்த அனுதாபங்கள், ருக்மணி.'

'அவர் ஆன்மா அமைதி பெறட்டும்.'

'கணவரை இழந்து, கைக்குழந்தையைத் தனியாக வளர்த்து, இப்போது படிக்கவும் வந்திருக்கிறீர்கள். உங்களைச் சந்தித்ததில் பெருமை.' இது பாடம் நடத்தும் பேராசிரியை.

பதினைந்தாவது பதில் மணிலாவிலிருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருத்தி. நர்சுகள் அல்லவா, துக்கம் விசாரிக்க வந்தாலும் காரணம் தெரியாமல் நகரமாட்டார்கள்.

'என்ன ஆயிற்று அவருக்கு? மாரடைப்பா?'

ருக்மணி யோசிக்கவே இல்லை. தட்டினாள்.

'இல்லை. இரண்டாயிரமாம் ஆண்டு, ஆட்சி கவிழ்ந்த மே மாதம். கத்தியோடு நாலைந்து பேர் வாசல் கதவை இடித்தார்கள். உள்ளே அவர், நான், என் மடியில் ஆறு மாதக் குழந்தை. அவர் சமையலறைச் சன்னல் வழியாகப் போய்விட்டார்.'

வார்டில் இறப்புக் குறிப்பு எழுதிப் பழகிய கை. நேரம் குறிக்காமல் மூட மனம் வரவில்லை.

'மாலை ஆறு நாற்பது.'