வெங்காயம் இல்லாத பெட்டி

புது மருமகள் தபிதாவுக்கு எரிச்சலாக வந்தது. முகாம் சமையலுக்காக அவள் பெட்டியில் அடுக்கிய குண்டானை மாமியார் யூனிஸ் வெளியே எடுத்து வைத்தாள்.

"அதுல கறி ஆக்கியிருக்கோம். புதுசு வாங்கிக்கினு வந்திருக்கேன்."

"வெங்காயம், பூண்டு கூடவா வேணாம் அத்தை?"

"வேணாம்மா. வந்து பாரு."

வெங்காயமில்லாத சாம்பாரை ஜெப முகாமில் யார் தொடுவார்கள் என்று முணுமுணுத்தபடியே, தபிதா அடுப்பையும் சிலிண்டரையும் வேனில் ஏற்றினாள். பெங்களூர் கம்பெனியில் லீவு போட்டு வந்திருந்த அவள் கணவன் ஸ்டீவன் வேனை ஓட்டினான்.

திருப்பதி சாலையில் ஒரு புளியமரத்தடியில் சாமான்களை இறக்கிச் சமைத்தார்கள். சாம்பார் கொதிக்கும்போது, மஞ்சள் வேட்டி கட்டிய கூட்டமொன்று கோவிந்தா சொல்லிக்கொண்டு நடந்து வந்தது.

தபிதா திகைத்துப்போய் மாமியாரைப் பார்த்தாள்.

"போன வருஷம், ஒங்க கல்யாணத்துக்கு முந்தி, ஸ்டீவன் பைக்ல அடிபட்டு, கால் ஒடிஞ்சு இங்கதாம்மா கெடந்தான். மலைக்கு நடந்து போய்க்கினு இருந்தவங்க லாரிய நிறுத்தி, இவனைத் தூக்கிப்போட்டுக்கினு சித்தூர் ஆஸ்பத்திரிக்கே திரும்பிட்டாங்க. அந்த வருஷம் மலையே ஏறல."

தபிதா கரண்டியை வாங்கிக்கொண்டு பரிமாறப் போனாள்.

முதலில் உட்கார்ந்த பெரியவர் இலையைப் பார்க்கவில்லை. ஸ்டீவனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா நடக்கறியா, நைனா?"