கமாவைக் கண்ட கைநாட்டு

குடிநீர்க் குழாய் கேட்டு வந்த மனுவின் அடியில் ஒரு கைநாட்டு இருந்தது. அதே கோப்பில், குழாய் போடச் சொல்லும் ஆங்கில உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருந்தது.

சூப்பிரண்டின் சிவப்புப் பேனா அதில் ஒரு கமா வைத்தது. அதிகாரியின் பச்சைப் பேனா அதை அடித்தது. மறுவாரம் சிவப்பு மறுபடியும் வைத்தது.

"இந்த இடத்தில் மூச்சு விட வேண்டாமா, ஐயா?" என்றது சிவப்பு.

"நீர் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் இங்கிலீஷில் கமா வராதுங்காணும்!" என்றது பச்சை.

கைநாட்டு பிரமித்துப் பார்த்தது. கொசுக்கால் அளவுகூட இல்லாத கீறல்! அதற்காக மூன்று மாதமாக இரண்டு பெரியவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.

கடைசியில் காகிதம் அந்த இடத்தில் ஓட்டையாகிவிட்டது. கைநாட்டு தயங்கித் தயங்கிக் கேட்டது: "சாமி, எங்க பொம்பளைங்க குடத்தோட ரெண்டு மைல் நடக்கிறாங்க. தண்ணி எப்ப வரும்?"

"தண்ணீரா? இது தண்ணீர் விஷயமா, ஐயா?" என்றது சிவப்பு.

"எனக்கென்ன தெரியும்? நான் கமாவைத்தான் பார்த்தேன்" என்றது பச்சை.

கைநாட்டுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே மூன்று மாதம் திருத்த முடிகிறதென்றால், இவர்கள் எவ்வளவு பெரிய படிப்பெல்லாம் படித்திருக்க வேண்டும்!