லைன்

"டிரா அ லைன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, கரும்பலகையை விட்டு ஒதுங்கி நிற்கிறாள் துவாரகா டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து பொகவந்தலாவையின் இந்தத் தோட்டப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்தே, இங்கிலீஷ் பாடத்தில் தமிழ் பேசுவதில்லை என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். மூடுபனி ஜன்னல் வழியாக நுழைந்து முன்வரிசை வாங்கு வரை வந்துவிட்டது. தூரத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் இயந்திர இரைச்சல் ஓயாமல் கேட்கிறது. இந்தத் தவணை முழுக்க வாயே திறக்காத நிரோஷினி தானாக எழுந்து வந்து வெண்கட்டியை எடுக்கிறாள். ஒரு கோடு இழுத்தால் போதும். அவளோ நீளமாக ஒரு தகரக் கூரை போட்டு, அதன் கீழே வரிசையாகக் கதவுகளை வரைகிறாள். வாசலை ஒட்டி ஒரு கழிவுநீர்க் கானும் ஓடுகிறது. துவாரகாவின் கை டஸ்டரை எடுக்கிறது. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. "பைப்பு அந்தப் பக்கம்டி" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் திருத்துகிறது. அப்போதுதான் துவாரகாவுக்கு உறைக்கிறது: இந்தப் பிள்ளைகளுக்கு லைன் என்றால் கோடு அல்ல, வரிசையாக ஒட்டிய வீடுகளில் அவர்கள் குடியிருக்கும் லயம். டஸ்டர் மேசைக்கே திரும்பிப் போகிறது. "இதில உங்கட வீடு எது, பிள்ளை?" என்று தமிழிலேயே கேட்டுவிடுகிறாள். நிரோஷினி கடைசிக் கதவைத் தொடுகிறாள். பிறகு எதையோ மறந்துவிட்டவள் போல, அந்தக் கதவுக்குரிய ஒற்றை அறைக் காம்பராவின் நடுவே கூரையிலிருந்து தரைவரை வெண்கட்டியை இழுக்கிறாள். "இந்தப் பக்கம் நாங்க, டீச்சர். அந்தப் பக்கம் சித்தப்பா வீட்டாளுங்க." ஒரே இழுப்பில், கொஞ்சமும் கோணாமல் விழுந்திருக்கிறது துவாரகா கேட்ட கோடு.