ஓடைக்கரையில் நாற்பத்தொரு மரங்கள்

வேளாண்மை அலுவலகத்தின் சன்னல் வெயில், மேசையில் கிடக்கும் மானிய விண்ணப்பத்தின் மேல் சாய்ந்து விழுகிறது. மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் படபடக்கிறது. "ஓடைக்கரையில புதுசா மரம் நட்டாத்தாங்க மானியம். ஏற்கெனவே நிக்கிறதுக்குக் கிடையாது," என்கிறார் எழுத்தர். பிறகு குரலைத் தாழ்த்துகிறார். "பழசை வெட்டிட்டுக் கன்னு வைங்கம்மா. பக்கத்துத் தோட்டக்காரர் அப்படித்தான் வாங்கினாரு." எதிரே உட்கார்ந்திருக்கும் விவசாயிப் பெண் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைக்கிறாள். "அவரு மரத்த வெட்டுன கரை போன மழையில இடிஞ்சு என் வயல்ல வந்து விழுந்துச்சு. அள்ளிக் கொட்டுனது நான்." 'நட்ட மரங்கள்' என்ற கட்டத்தை அடித்துவிட்டு, மண் ஏறிய விரல்களால் பேனாவை அழுத்தி எழுதுகிறாள்: வெட்டாதவை, நாற்பத்தொன்று. முத்திரைக் கட்டையை எழுத்தர் பக்கம் நகர்த்துகிறாள். "குத்துங்க. முடியாதுன்னா, மரத்த வெட்டாத குத்தத்துக்கு மானியம் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."