தெளிவான உச்சரிப்பு

பக்கவாதத்தில் பேச்சிழந்த பரமசிவத்தின் வாயிலிருந்து ஒரு சொல்லாவது வந்தால்தான், பேச்சுப் பயிற்சிப் படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வில் மெர்லின் தேறுவாள். சாவிப் படத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவர் சுவரைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ராஜாமணிக்குப் பொறுக்கவில்லை. "நம்ம பீரோ சாவிங்க. சொல்லுங்க."

"வாய மூடுடி நாயே!"

பிசிறில்லாமல் விழுந்தது. "சூப்பர் சார்! எவ்வளவு தெளிவா சொன்னீங்க!" என்று மெர்லின் கைதட்டினாள்.

எதிரே உட்கார்ந்திருந்த தேர்வாளர் மதிப்பெண் தாளிலிருந்து நிமிரவில்லை. "ஒரு தடவை தற்செயலா வரலாம், அது போதாது. மறுபடி வரணும்."

மெர்லின் ராஜாமணியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, அவர்கிட்ட இன்னொரு தடவை ஏதாவது பேசுங்களேன். ப்ளீஸ்."

ராஜாமணி அவள் கையிலிருந்த சாவிப் படத்தை வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.